காசா, கார்டா: தெரிவு யாருடையது?

(எங்கள் மாதாந்தச் சந்திப்பில் பேசியது. பேச்சு வழக்கை அப்படியே விட்டிருக்கிறேன். நீண்டுபோன இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறேன்.)



எனக்குத் தந்த தலைப்பு சின்னது. வெளிநாட்டுக்குப் போகேக்க காசு கொண்டு போறதா, கார்ட் மட்டும் காணுமா? கோடை விடுமுறை வருது, கனபேர் ஐரோப்பாப் பக்கம் வெளிக்கிடுறீங்கள், அதால ஏதும் பிரயோசனமாக் கதையுங்கோ எண்டுதான் கேட்டவை. பயணக் குறிப்புகள் கடைசியில் தாறன், பயப்பிடாதேங்கோ. ஆனால் அதுக்கு முதல் ஒரு கதை சொல்ல வேணும். அந்தக் கதை நடந்ததுக்குப் பிறகு இந்தக் கேள்வியை நான் பழையபடி கேட்க முடியேல்லை.

போன கோடையில் ஒரு கிழமை ஹம்பேர்க்கில் நிண்டனான். என்ர மாமி, அப்பாவின்ர அக்கா, அங்கதான் இருக்கிறா. நான் லண்டனில் பிறந்து வளர்ந்த ஆள். என்ர பேர்சுக்குள்ள கடைசியாத் தாள்க்காசு எப்ப இருந்தது எண்டு எனக்கே ஞாபகமில்லை. போனைத் தட்டினா பஸ், போனைத் தட்டினா கோப்பி. அந்தப் பழக்கத்தோடதான் போய் இறங்கினன்.

முதல் நாள் காலமை மாமி வீட்டுக்குக் கீழ இருக்கிற பேக்கரிக்குப் போனன். ரெண்டு பணிஸ், ஒரு கோப்பி. போனை நீட்டினன். கடைக்கார அம்மா தலையாட்டிப்போட்டு, சுவரில ஒட்டியிருந்த பலகையைக் காட்டினா. "நூர் பார்கெல்ட்." காசு மட்டும். வரிசை எனக்குப் பின்னால நீண்டு கொண்டிருந்தது. கடைசியில் பின்னால நிண்ட வயசான மனுசன் ஒருத்தர் சில்லறையை எண்ணி வைச்சுட்டு, போ எண்டு கையைக் காட்டினார். எனக்கு வெக்கமாப் போச்சு.

மேல போய் மாமிட்டச் சொன்னன். அவ சிரிச்சா. "இஞ்ச காசில்லாமல் வெளிய இறங்கப்படாது பிள்ளை. இது லண்டன் இல்லை."

உண்மைதான். ஜேர்மன் மத்திய வங்கி 2023இல் நடத்திய கணக்கெடுப்பின்படி, அங்கே நாளாந்தம் நடக்கும் கொடுப்பனவுகளில் 51 வீதம் காசில்தான் நடந்தது. இங்கிலாந்தில் இருந்து போகிறவர்களுக்கு இதை நம்பவே கஷ்டம். அது மட்டுமில்லை. கார்ட் மெசின் இருக்கிற கடைகளிலும் சில இடங்களில் ஜேர்மன் வங்கிகளின் சொந்த அட்டையான ஜீரோகார்ட் மட்டும்தான் எடுப்பினம். எங்கட விசாவும் மாஸ்டர்கார்டும் அங்க வெறும் பிளாஸ்ரிக். ஏன் இப்பிடி எண்டு கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்லுவினம்: செலவு கணக்கில நிக்கும், எங்கை என்ன வாங்கினன் எண்டு ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை, ரெண்டு சர்வாதிகாரத்தைப் பார்த்த நாடு. எது சரியோ, காசு அங்க ஒரு உரிமை மாதிரித்தான் பார்க்கப்படுது.

இதுவரைக்கும் இது ஒரு பகிடிக் கதை. மிச்சத்தைக் கேளுங்கோ.

சனிக்கிழமை மச்சாள் என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு இடத்துக்குப் போனா. அவ இருக்கிற பகுதியில் ஒரு சின்ன கஃபே. உள்ளுக்க ஒரு மூலையில ஒரு மேசை, ஒரு தகரப்பெட்டி, ஒரு கொப்பி. ஒரு இளம் தாய் கைப்பிள்ளையோட வந்து, சுப்பர்மார்க்கெட் ஒண்டின்ர 50 யூரோ வவுச்சரை மேசையில வைச்சா. மச்சாள் அதை எடுத்துக்கொண்டு 50 யூரோத் தாள் ஒண்டைக் குடுத்தா. அவ்வளவுதான். நன்றி எண்டு சொல்லிப்போட்டு அந்தப் பெண் போயிட்டா. திரும்பி வரேக்க மச்சாள் அதே வவுச்சரில தன்ர வீட்டுக்கு அரிசியும் பாலும் வாங்கினா.

"இது என்ன தானமா?" எண்டு கேட்டன்.

"இல்லை. 50க்கு 50. ஒருத்தரும் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கேல்லை. அவவுக்குக் காசு வேணும், அரசாங்கம் காசாக் குடுக்காது. எனக்குச் சாமான் வேணும், நான் எதால வாங்கினாலும் ஒண்டுதான்."

அப்பதான் எனக்கு "பெட்சால்கார்ட்டெ" எண்ட சொல் தெரிய வந்தது. கொடுப்பனவு அட்டை எண்டு அர்த்தம். தஞ்சம் கோரி வந்தவர்களுக்கு மாதாந்த உதவியைக் காசாகக் கொடுக்காமல் ஓர் அட்டையில் ஏற்றிக் கொடுப்பது. ஹம்பேர்க் தான் 2024 பெப்ரவரியில் இதை முதலில் தொடங்கிய மாநிலம். அதே ஆண்டு மே மாதத்தில் நாடு முழுவதுக்குமான சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஜூன் மாதத்தில் மாநில முதல்வர்கள் கூடி, வளர்ந்த ஒருவர் அந்த அட்டையில் இருந்து மாதத்துக்கு 50 யூரோ மட்டும் காசாக எடுக்கலாம் என்று பொது அளவு வைத்தார்கள். ஹம்பேர்க்கில் தொடங்கும்போதே பெரியவருக்கு 50, பிள்ளைக்கு 10 என்றுதான் இருந்தது. மிச்சக் காசு அவர்களுடையதுதான், ஆனால் அட்டைக்குள்ளே இருக்கும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பொதுவாக வெளிநாட்டில் பாவிக்க முடியாது. இன்னொருவருடைய கணக்குக்குப் பணம் அனுப்புவதென்றால் தடை, அல்லது அதிகாரி அனுமதிக்க வேணும்.

இப்ப அந்தப் பேக்கரியை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. காசு மட்டும் எண்டு பலகை தொங்குற ஊர். நான் காசில்லாமல் முழிச்சன். ரெண்டு தெரு தள்ளி ஏரிஎம் இருந்தது, அஞ்சு நிமிசத்தில என்ர பிரச்சினை முடிஞ்சுது. அந்தத் தாய்க்கும் என்னை மாதிரி ஒரு அட்டை இருக்கு. பார்த்தா வித்தியாசம் தெரியாது. ஆனால் அவ 50 யூரோ எடுத்து முடிச்சிட்டா எண்டால், அந்த மாசம் முழுக்க அந்தப் பலகைக்கு முன்னால நிக்க வேண்டியதுதான். பழஞ்சாமான் சந்தையில பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க ஏலாது. பள்ளிக்கூடத்தில சுற்றுலாவுக்கு ரீச்சர் காசு சேர்த்தால் குடுக்க ஏலாது. தன்ர தஞ்ச வழக்குக்குப் பிடிச்ச வழக்கறிஞருக்கு மாசாமாசம் கட்டிற தொகையை அனுப்ப ஒரு அதிகாரியிட்டக் கேட்க வேணும். எல்லாரும் காசை உரிமை எண்டு நினைக்கிற நாட்டில, ஒரு பகுதி மனுசருக்கு மட்டும் சட்டம் போட்டுக் காசை மறிச்சு வைச்சிருக்கினம்.

ஏன் இப்பிடிச் செய்யினம்? அரசியல்வாதிகள் சொன்ன காரணம் ஒளிவுமறைவில்லாதது. தஞ்சம் கோருகிறவர்கள் சொந்த நாட்டுக்குப் பணம் அனுப்பக்கூடாது, ஆட்கடத்தல்காரருக்குக் கட்டக்கூடாது, இந்த உதவியைக் கேள்விப்பட்டு வேறு ஆட்கள் வரக்கூடாது.

சொந்த நாட்டுக்குப் பணம் அனுப்பக்கூடாது. தோழர்களே, இந்த வசனத்தை இந்த அறையில் இருக்கிற ஆரும் சும்மா கடந்து போக ஏலுமோ? எங்கட அம்மம்மாக்கள் சண்டைக் காலத்தில எதால சாப்பிட்டவை? எங்கட சித்திமாரின்ர படிப்பு, சித்தப்பாமார் வெளிக்கிட்ட பயணக்காசு, இடிஞ்ச வீட்டுக்குப் போட்ட ஓடு, எல்லாம் எங்கயிருந்து வந்தது? வங்கியால கொஞ்சம், உண்டியலால மிச்சம். அகதி முகாமில இருந்துகொண்டு மிச்சம் பிடிச்சு அனுப்பின காசும் அதுக்குள்ள இருக்கு.

அண்டிரவு மாமியிட்ட இதைக் கேட்டன். மாமி 1985இல் வந்தவ. அந்தக் காலத்தில கனபேர் வந்த பாதைதான்: கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில இறங்கி, நகர ரெயினில மேற்கு பேர்லினுக்குள்ள வந்து தஞ்சம் கேட்டது. பிறகு வேற ஊருக்கு அனுப்பி ஒரு பொது விடுதியில விட்டவை. வேலை செய்ய அனுமதியில்லை. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒதுக்கின பிரதேசத்தை விட்டு வெளியில் போக அனுமதிப் பத்திரம் வேணும்.

"சாப்பாடு பெட்டியில வரும். ரின், பாண், வெண்ணெய். சோறு இல்லை. என்ன எண்டே தெரியாத ரின்னெல்லாம் வரும்," எண்டா. "கைச்செலவுக்கு எண்டு கொஞ்சக் காசு தருவாங்கள். அதில நான் முத்திரை வாங்குவன். கிழமைக்கு ஒரு கடிதம் கொப்பப்பாவுக்கு. மிச்சத்தைச் சேர்ப்பன். ஆறு மாசம் சேர்த்து முதல்முதல் 100 மார்க் அனுப்பினன்."

நான் கேட்டன்: "அந்தக் காசையும் தராமல் விட்டிருந்தால்?"

மாமி கனநேரம் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு, "கடிதம் போயிருக்காது," எண்டா.

இது புதுசாக் கண்டுபிடிச்ச தண்டனை இல்லை எண்டதை விளங்கிக்கொள்ள வேணும். 1993இல் ஜேர்மனி தஞ்ச உரிமையைச் சுருக்கியபோது, தஞ்சம் கோருவோருக்கென்று தனியான உதவிச் சட்டம் ஒன்றையும் கொண்டுவந்தது. காசு வேண்டாம், பொருளாகக் கொடு என்பது அதன் அடிப்படை. 2012 ஜூலையில் அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம், அந்த உதவித் தொகை மனித மாண்புக்குப் போதாது என்று தீர்ப்பளித்தது. ஆட்கள் வருவதைக் குறைப்பதற்காக ஒருவருடைய மாண்பைக் குறைக்க முடியாது என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. அப்ப சாப்பாட்டுப் பெட்டி, இப்ப அட்டை. பெட்டியைப் பார்த்தால் எல்லாருக்கும் அவமானம் தெரியும். அட்டை நவீனமாத் தெரியுது, அதாலதான் கனபேருக்கு அதில ஒரு பிழையும் தெரியேல்லை.

ஜேர்மனியைத் திட்டிப்போட்டு லண்டனுக்குத் திரும்பிவந்து நிம்மதியா இருக்கலாம் எண்டால் அதுவும் சரிவராது.

லண்டன் பஸ்களில் 2014 ஜூலை 6இல் இருந்து காசு எடுப்பதில்லை. எங்களுக்கு அது இப்ப ஒரு செய்தியே இல்லை. அம்மம்மாவின்ர தங்கச்சி யாழ்ப்பாணத்தில இருந்து எங்களைப் பார்க்க வந்தவ. ஒரு நாள் நாங்கள் ஒருத்தரும் வீட்டில இல்லாத நேரம் கோயிலுக்குப் போக எண்டு பஸ்ஸில ஏறி, அஞ்சு பவுண் தாளை நீட்டியிருக்கிறா. சாரதி ஏலாது எண்டிட்டார். கையில காசை வைச்சுக்கொண்டு மழைக்குள்ள நடந்து வந்தவ. "காசு குடுத்தும் ஏத்தாத பஸ்ஸை இப்பதான் பிள்ளை பாக்கிறன்," எண்டா. கடையில ஒயிஸ்ரர் அட்டை வாங்கலாம், அதுக்குக் காசு ஏத்தலாம், சரி. ஆனால் அதுக்குக் கடை எங்கயிருக்கு, பாஷை என்ன, அட்டைக்கே தனிக்காசு எண்டதெல்லாம் புதுசா வந்த ஆளுக்கு ஆர் சொல்லுறது?

அகதிகள் விசயத்திலும் இங்கிலாந்து பின்னால நிக்கேல்லை. இங்கேயும் தஞ்சம் கோருவோருக்கு அட்டைதான். 2024இல் ஒருவருக்குக் கிழமைக்கு 49 பவுண் 18 பென்ஸ். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, வேறு வகை உதவியில் இருக்கிறவர்களுக்கு அட்டை கிடைக்கும், கையில் காசு கிடைக்காது. அந்த அட்டை எங்கே எப்போது பாவிக்கப்பட்டது என்பதை உள்துறை அமைச்சு பார்க்கலாம். நான் கோப்பி வாங்கினால் அது என்ர வங்கியின்ர கணக்கில ஒரு வரி. அவை கோப்பி வாங்கினால் அது அவையின்ர தஞ்சக் கோப்பை வைச்சிருக்கிற அமைச்சின்ர பார்வைக்குப் போகக்கூடிய ஒரு தகவல்.

ஆக ஒரு ஊரில காசில்லாமல் ஒண்டும் செய்ய ஏலாது, அங்க அகதிக்குக் காசு இல்லை. மற்ற ஊரில அட்டை இல்லாமல் பஸ் ஏற ஏலாது, அங்க வயசான மனுசி மழைக்குள்ள நடக்கிறா. பார்க்க எதிர்மாறு. ஆனால் ரெண்டு இடத்திலயும் நடக்கிறது ஒண்டுதான்: வசதியான ஆள் ரெண்டில எதையும் தெரிவு செய்யலாம், மற்ற ஆளுக்கு வேற ஆரோ தெரிவு செய்து வைச்சிருக்கினம். காசு நல்லதா கார்ட் நல்லதா எண்டது எனக்கு இப்ப ரெண்டாவது கேள்வி. தெரிவு ஆற்ற கையில இருக்கு எண்டதுதான் முதல் கேள்வி.

இதைச் சொல்லேக்க ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேணும். காசுதான் சுதந்திரம் எண்டு வலதுசாரிகளும் கத்துகினம். அவை கேக்கிற சுதந்திரம் வரி கட்டாமல் இருக்கிற சுதந்திரம். எங்கட சமூகத்துக்குள்ளயே பாருங்கோ. மாணவ விசாவில வந்த பெடியனுக்கு, மணித்தியாலத்துக்கு எவ்வளவு எண்டு கூடச் சொல்லாமல், சனிக்கிழமை இரவு கவருக்குள்ள கொஞ்சத் தாளை வைச்சுக் குடுக்கிற கடை முதலாளிமாரை எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவனிட்டச் சம்பளச் சீட்டு இல்லை, அதால வழக்கும் இல்லை. அந்த இடத்தில வங்கிக் கணக்குக்குச் சம்பளம் போட வைக்கிறதுதான் எங்கட போராட்டம். என்ர அம்மாவுக்குத் தன்ர பேரில ஒரு கணக்கும் ஒரு கார்டும் கிடைச்சது இந்த நாட்டுக்கு வந்து பத்து வருசத்துக்குப் பிறகு. அது வரைக்கும் வீட்டுக்காசு அப்பாவின்ர பொக்கற்றுக்குள்ள இருந்தது. அம்மாவுக்கு அந்தக் கார்ட்தான் விடுதலை. அதால காசைக் கும்பிட வேண்டாம். காசோ கார்டோ, ஆற்ற கட்டுப்பாட்டில இருக்கு, ஆர் அதைப் பார்க்கினம் எண்டு கேளுங்கோ.

சரி, சொன்ன மாதிரி இப்ப பயணக் குறிப்புகள்.

ஒண்டு. ஜேர்மனிக்குப் போறவை ஒரு 100 யூரோவாவது தாளாக் கொண்டு போங்கோ. 2025 ஏப்ரல் 28இல் ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் மின்சாரம் முழுசா நிண்ட அண்டைக்கு, கார்ட் மெசின்கள் செத்துப்போச்சுது. கையில காசு வைச்சிருந்த ஆக்கள்தான் தண்ணியும் பாணும் வாங்கினவை. எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு நாள் செலவுக்குத் தாளும், ரெண்டாவது கார்ட் ஒண்டை வேற பையிலயும் வைச்சிருங்கோ.

ரெண்டு. ஏரிஎம்மோ கடை மெசினோ "பவுணில கழிக்கவா, யூரோவில கழிக்கவா?" எண்டு கேட்டால், எப்பவும் அந்த நாட்டுக் காசையே அமத்துங்கோ. பவுணை அமத்தினால் அந்த மெசின்காரரே தங்கட விருப்பத்துக்கு மாற்று விலையைப் போடுவினம். தெரிஞ்ச ரூபத்தில காட்டுறதால ஆக்கள் ஏமாறினம். உங்கட வங்கி வெளிநாட்டுக் கட்டணம் எடுக்குமோ எண்டதையும் வெளிக்கிட முதல் பாருங்கோ.

மூண்டு. சின்னக் கடை, சந்தை, விடுதி அறை துப்புரவாக்கிற ஆக்கள். அங்க காசு குடுங்கோ. கார்டில குடுக்கிற ரிப்ஸ் வேலை செய்தவரின்ர கைக்குப் போகுதோ, முதலாளியின்ர கணக்கில நிக்குதோ எண்டு எங்களுக்குத் தெரியாது. கையில வைச்சால் தெரியும்.

நாலு. இதுதான் நான் உண்மையாக் கேட்க வந்தது. ஜேர்மனியில் பல நகரங்களில் நான் பார்த்த மாதிரி மாற்று மேசைகள் இருக்கு. போற ஊரில இருக்கிற அகதிகள் ஆதரவுக் குழுக்களிட்ட விசாரியுங்கோ. நீங்கள் எப்பிடியும் அங்க சாப்பாட்டுச் சாமான் வாங்கத்தானே போறீங்கள்? கொண்டு போற காசைக் குடுத்து வவுச்சரை வாங்கி, அதில சாமான் வாங்குங்கோ. உங்களுக்கு ஒரு சதமும் நட்டமில்லை. இது இப்ப அரசியல் சண்டையாவும் மாறியிருக்கு. 2025இல் அமைந்த கூட்டணி அரசின் ஒப்பந்தத்திலேயே, அட்டையைச் சுற்றிப் போகும் வழிகளை மறிப்போம் என்று எழுதியிருக்கு. அதால போறதுக்கு முதல் அந்த ஊர் நிலைமையை அங்கத்தைய ஆக்களிட்டக் கேட்டு நடவுங்கோ. எங்கட துணிச்சலால அந்த அகதிக்குப் பிரச்சினை வரப்படாது.

சண்டை பிடிச்சால் நகரும் எண்டதுக்கும் சாட்சி இருக்கு. எங்கட ஆக்கள் கூட இருக்கிற நோர்த்றைன் வெஸ்ற்பாலியாவில், ஹம் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிற அதே மாநிலத்தில், இந்த அட்டை வேண்டாம் என்று விலகும் உரிமை நகரசபைகளுக்கு இருக்கு. பல நகரங்கள் விலகியும் இருக்கு. அந்த நகரசபைகளில் வாக்குப் போடுற தமிழ் ஆக்கள் இருக்கினம். கோயில் திருவிழாவுக்கு இங்கயிருந்து போறவை அவையோட தேர் பற்றி மட்டும் கதைக்காமல் இதையும் கதையுங்கோ. பெட்டிச் சாப்பாடு சாப்பிட்ட தலைமுறை அது. விளங்கப்படுத்தத் தேவையில்லை, ஞாபகப்படுத்தினால் காணும்.

அஞ்சு. எங்களுக்கு நாங்களே. எங்கட நிகழ்ச்சிக்கு ரிக்கற் இணையத்தில மட்டும் எண்டு போன தடவை போட்டனாங்கள். அது பிழை. வாசலில ஒரு மேசை, ஒரு காசுப்பெட்டி வைக்க வேணும். கார்ட் இல்லாத ஆள் எங்கட கூட்டத்துக்கே வர ஏலாட்டில், நான் இவ்வளவு நேரம் கதைச்சது வீண்.

கடைசியா ஒண்டு. ஹம்பேர்க்கில இருந்து வெளிக்கிடேக்க, ரெயில் நிலையத்தில மாமி என்ர கையைப் பிடிச்சு, மடிச்ச 20 யூரோத் தாள் ஒண்டை உள்ளங்கைக்குள்ள வைச்சு மூடினா. நான் வேண்டாம் எண்டன். "வைச்சிரு, வழியில ஏதும் வாங்கிச் சாப்பிடு," எண்டா. உங்கள் எல்லாருக்கும் இப்பிடி ஒரு மாமி இருப்பா, அந்த மடிச்ச தாளை உங்களுக்குத் தெரியும். நான் அந்தத் தாளை மாத்தாமல் வைச்சிருந்தனான். ரெயினுக்குள்ள இருக்கேக்க அந்தக் கைப்பிள்ளையோட வந்த தாயைத்தான் யோசிச்சுக்கொண்டு வந்தன். நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகேக்க, அவ அதின்ர கைக்குள்ள எதை வைக்கிறது?

ஓகஸ்டில ஜேர்மனிக்குப் போறவை கூட்டம் முடிய என்னட்ட வந்து பேரைச் சொல்லுங்கோ. ஹம்பேர்க் மச்சாள் விபரம் தாறன் எண்டிருக்கிறா. ஆளுக்கு 50 யூரோ, தாளாக. அந்த மாமியின்ர 20ஐயும் நான் அதுக்குள்ள போடுறன்.